ஸ்மார்ட் போர்டுக்குப் பொட்டு வைத்தவன்

எங்கள் பள்ளிக்கூடத்து ஸ்மார்ட் போர்டுக்கு நான்தான் பூசை போட்டேன். இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் நம்புவதில்லை. பூசை போடுகிற முகமாக என் முகம் தெரியவில்லையாம்.

அப்போது நான் ஐந்தாம் ஆண்டு. சிடாம் கிரி பக்கம், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளி. என் வகுப்பில் மொத்தமே பதினொரு பேர். அதனால் எந்தப் பரீட்சையிலும் நான் முதல் பதினொரு இடங்களுக்கு வெளியே போனதில்லை.

அந்த வருடம் ஒரு நாள் கல்வி இலாகா வேனில் போர்டு வந்து இறங்கியது. இரண்டு கதவு அகலம், சுற்றிலும் கறுப்புச் சட்டம். விரலால் தொட்டால் எழுதும், இழுத்தால் பக்கம் திரும்பும். முதல் நாள் டீச்சர் அதில் ஒரு தவளையைத் தொட்டார். அது கத்தியது. நாங்கள் அதைவிடச் சத்தமாகக் கத்தினோம். பக்கத்து வகுப்பு பாடத்தை அப்படியே போட்டுவிட்டு எங்கள் ஜன்னலில் வந்து தொங்கியது. மறுநாள் சூரிய மண்டலம். சனிக்கிரகத்தின் வளையத்தைச் சுற்றிவிட வரிசையில் நின்றோம். காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்த ஒருவன் செய்தி கேள்விப்பட்டு, பத்து மணிக்கு எண்ணெய் வழிய வந்து சேர்ந்தான்.

ஆனால் போர்டு எங்களுக்குச் சொந்தமில்லை. மூன்று மாதம் வெள்ளோட்டம். அப்புறம் ஓர் அதிகாரி வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார். பிள்ளைகள் இதை வைத்து உருப்படியாகப் படிக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டால் போர்டு இங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் சுங்கை பட்டாணியில் ஒரு பெரிய பள்ளிக்குப் போய்விடும். தலைமையாசிரியர் ஆரம்பத்திலேயே இந்த வம்பு வேண்டாம் என்றாராம், உடைந்தால் யார் பதில் சொல்வது என்று. நான் சொல்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு வாங்கியவர் எங்கள் டீச்சர். வேலைக்கு வந்து இரண்டாவது வருடம் அவருக்கு. குருண் பட்டணத்திலிருந்து தினமும் ஒரு பழைய காடியில், அதாவது காரில், வருவார்.

போர்டைத் துடைக்கிற பொறுப்பை அவர் எனக்குக் கொடுத்திருந்தார். அதிகம் சத்தம் போடுகிறவனுக்கு ஒரு பதவி கொடுத்தால் அடங்கிவிடுவான் என்பது அவர் கணக்கு. டீச்சர் கணக்கில் கொஞ்சம் சுமார்தான்.

பூசை யோசனை மாமாவிடமிருந்து வந்தது. அவர் செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி ஓட்டினார். ஆயுத பூசைக்கு லாரிக்கு முன்னால், பின்னால், கண்ணாடியில், ஸ்டியரிங்கில் எல்லாம் சந்தனம் குங்குமம் வைப்பார். ஒரு வருடம் மறந்துவிட்டார். அடுத்த வாரமே நடுரோட்டில் டயர் வெடித்தது. டயர் வழுக்கையாகி ஆறு மாதம் ஆகியிருந்ததை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குப் புரிந்தது ஒன்றுதான். மோட்டார் சைக்கிளுக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் புல்வெட்டுகிற மெஷினுக்கும் பொட்டு வைக்கிற தோட்டத்தில், இவ்வளவு பெரிய ஒரு சாமான் மூன்று மாதமாக வெறும் நெற்றியோடு நிற்கிறது. இது போர்டா, அனாதையா? அதிகாரி வருகிற நாளில் மக்கர் செய்யாமல் என்ன செய்யும்?

அன்றைக்குக் காலையில் அம்மாவின் சாமி மேடையிலிருந்து சந்தனத்தையும் குங்குமத்தையும் பென்சில் டப்பாவில் கடத்தினேன். டீச்சர் போர்டைத் திறந்து, ஒளி என்கிற அறிவியல் பாடத்தை அதில் போட்டு வைத்துவிட்டு, இன்னொரு தடவை துடைத்துவிடுப்பா என்று சொல்லி அதிகாரியை அழைத்து வரப் போனார். துடைத்தேன். பிறகு நாற்காலி போட்டு ஏறி, கறுப்புச் சட்டமும் கண்ணாடியும் சேருகிற நான்கு மூலையிலும் சந்தனத்தை அப்பினேன். மாமாவைப் போல அள்ளி வைக்கிற கை எனக்கும் உண்டு, ஒவ்வொன்றும் உளுந்து வடை கனம். மேலே குங்குமம். வலது கீழ் மூலையில், பக்கம் திருப்புகிற அம்புக்குறியை ஒட்டி, இடம் தாராளமாக இருந்ததால் அங்கே வைத்ததுதான் பெரிய பொட்டு. கற்பூரம் ஏற்றவும் ஆசைதான். தீப்பெட்டி கிடைக்கவில்லை, பள்ளிக்கூடம் பிழைத்தது. முன் வரிசைப் பெண் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நான் இறங்கவும் அவர்கள் நுழையவும் சரியாக இருந்தது. அதிகாரி உயரமான ஒரு மலாய்க்காரர், கையில் கோப்பு. பின்னால் தலைமையாசிரியர், அன்றைக்கென்று கட்டிய டையோடு. நாங்கள் எழுந்து வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் போர்டு வேலையை ஆரம்பித்தது.

பக்கங்கள் தாமாகத் திரும்பின. சூரியன் வந்தது, மெழுகுவர்த்தி வந்தது, நிழல் வந்தது, பாடம் முடிந்து பயிற்சி வந்தது, அடுத்த பாடம் வந்தது. டீச்சர் ஓடிப்போய் விரலை வைத்தார். விரலிலிருந்து ஒரு சிவப்புக் கோடு சரேலென்று மூலைக்குப் பாய்ந்தது. கையை எடுத்தார், இன்னொரு கோடு. மூன்று மாதப் பாடத்தையும் போர்டு மூன்றே நிமிடத்தில் நடத்திக்கொண்டிருந்தது.

"டீச்சர், போர்டுக்குச் சாமி வந்துருச்சு டீச்சர்," என்றாள் கன்னத்தில் போட்டுக்கொண்டவள்.

எனக்கு ஒரே பெருமை. பூசை இவ்வளவு சீக்கிரம் வேலை செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

டீச்சர் மூலைக்குக் குனிந்து பார்த்தார். சந்தனத்தைத் தொட்டார். பிறகு அந்தப் பெரிய பொட்டை விரலால் வழித்தெடுத்தார். பக்கங்கள் நின்றன. மறுபடி அப்பினார். ஓடின. வழித்தார், நின்றன. திரும்பி எங்களைப் பார்த்தபோது அவர் முகமே மாறியிருந்தது.

"என் விரலும் சந்தனமும் இதுக்கு ஒண்ணாத் தெரியுது. ஏன்? யாராச்சும் கண்டுபிடிங்க பார்ப்போம்."

வகுப்பு நாற்காலிகளை விட்டுக் கிளம்பிவிட்டது. அழிப்பானை வைத்துப் பார்த்தோம், வேலை செய்தது. தேங்காய் பிஸ்கட் வேலை செய்தது. ஒருவன் மூக்கால் தன் பெயரை எழுதினான். "தொடாமலே எழுதுதுலா," என்று ஒருத்தி கத்தினாள். அவள் விரல் கண்ணாடியில் படவே இல்லை, ஒரு நூல் தள்ளி நின்றது. அப்படியானால் கண்ணாடிக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஓடுகிறது, அது மறிக்கப்படுகிறது. ஒளி, டீச்சர், ஒளி. நேராகப் போகிற ஒளி. பத்துப் பேர் ஒரே நேரத்தில் சொன்னோம். பதினோராவது ஆள் பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தான். அதிகாரி எழுந்து வந்து தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அதன் காம்பால் ஒரு பூனை வரைந்தார். அது பூனை என்று அவர்தான் சொன்னார்.

மணி அடித்தது. அதிகாரி நாற்காலிக்குப் போய்க் கோப்பைத் திறந்தார். சந்தனம் சட்டத்துக்குள் இறங்கியிருக்கிறது, இது யார் வேலை என்று மலாயில் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் பேனா முனை தாளின்மேல் இருந்தது.

நான் நெஞ்சை நிமிர்த்தி, கையைத் தூக்கப் போனேன்.

"சாயா, என்சிக்," என்றார் டீச்சர். நான்தான், ஐயா என்று.

அம்மாவின் சந்தனம், என் யோசனை, நாற்காலியில் ஏறியது நான். எல்லோரும் கைதட்டப் போகிற நேரத்தில் இந்த அம்மா வந்து பேரைத் தட்டிக்கொண்டு போகிறார். அதிகாரி எதையோ எழுதினார். தலைமையாசிரியர் டீச்சரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வராந்தா வரைக்கும் அவர் சத்தம் கேட்டது. பரிசு கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் தலைமையாசிரியர் பாராட்டினாலும் அதே சத்தம்தான். வெளியே வந்தபோது டீச்சரின் கண்கள் சிவந்திருந்தன. என் பரிசை வாங்கியதற்கு அவருக்கு ஆனந்தக் கண்ணீர் வேறு.

போர்டு எங்களிடமே இருக்கும் என்று அடுத்த வாரம் கடிதம் வந்தது. டீச்சருக்குத் தனியாக இன்னொரு கடிதம். அதற்குப் பதில் எழுதவென்று இரண்டு நாள் ஓய்வு நேரத்தில் சாப்பிடாமல் உட்கார்ந்து ஏதோ எழுதினார், கிழித்தார், மறுபடி எழுதினார். நன்றிக் கடிதமாக இருக்கும். நான் அவருக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தியிருந்தேன்.

மூன்றாம் நாள் என்னைப் பிடித்து நிறுத்தினார். "ஏன்டா தம்பி, எங்கூடப் பேச மாட்டேங்கிற?"

"பொட்டு நான் வச்சது டீச்சர். நீங்க வச்சதாச் சொல்லிட்டீங்க."

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார். முந்தானையால் துடைத்துக்கொண்டு, "தப்புதான்யா. மன்னிச்சிரு," என்றார்.

பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டேன். இனிமேல் இப்படிச் செய்யாதீர்கள் என்றும் சொல்லி வைத்தேன்.