ஒரு தடவை என்றால் எவ்வளவு நேரம்

லெட்சுமி அம்மா காலமாகிவிட்டார் என்று அவருடைய மகள் டிக்கோயாவிலிருந்து தொலைபேசியில் சொன்னபோது நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதிக் கன்னத்தில் சோப்பு காயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். லிந்துலைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவமாதுவாக அவர் பார்த்த பிரசவங்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த வேறொன்றைச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகள். வாய்ப்புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஓர் இளம் பல் வைத்தியர் மடிக்கணினியோடு எங்கள் தோட்டத்துக்கு வந்தார். நகர மருத்துவமனைகளின் பழைய நோயாளிகளுடைய விபரங்களைக் கொண்டு பழக்கிய செயற்கை நுண்ணறிவு அதில் இருந்தது. வயது, வெற்றிலை, புகையிலை பற்றிய பதில்களைக் கொடுத்தால், யாருடைய வாயை முதலில் பார்க்க வேண்டும் என்று வரிசைப்படுத்தும். எல்லோரையும் பார்க்க அவருக்கு நாள் போதாது. கேள்விகளைத் தமிழில் எழுதி, கேட்டுக் குறித்தவன், தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியரான நான். பெண்களை அழைத்துவந்தவர் லெட்சுமி அம்மா.

கொழுந்து பறிக்கும் பாக்கியத்திடம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை வெற்றிலை போடுவீர்கள் என்று கேட்டேன்.

"காலையில ஒருக்கா, சாப்பிட்டுட்டு ஒருக்கா. அவ்வளவுதாங்க மாஸ்டர்."

இரண்டு என்று எழுதினேன். கணினி அவரைப் பட்டியலின் அடியில் போட்டது. நல்ல பிள்ளை என்று நானும் மகிழ்ந்தேன். பக்கத்தில் நின்ற லெட்சுமி அம்மா கேட்டார்:

"ஏன்டி, காலையில போட்டத எப்ப துப்புவ?"

"மத்தியானம் கொழுந்து நிறுக்க வாறப்பங்க."

"விடிய பெரட்டுல பேரு குடுக்கப் போறப்ப போட்டதையா?"

"மலையில நின்னு மறுபடி மடிக்க ரெண்டு கையும் சும்மாவாங்க இருக்கு? கன்னத்துல கெடக்கும். குளிருக்கு இதமா இருக்குமில்ல."

வைத்தியர் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். லெட்சுமி அம்மா வாசலை மறித்து நின்றார். "டொக்டர், ஒங்க கம்பியூட்டரு எத்தன வாட்டின்னுதான் கேக்குது. டவுன்காரரு பத்து நிமிசத்துல துப்பிருவாரு. இவளுக்கு ஒரு வாட்டின்னா அர நாளு. வாயப் பாத்துட்டுப் போங்க."

பார்த்தார். இடது கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. கண்டிக்கு அனுப்பிச் சோதித்தபோது அது புற்றாக மாறத் தொடங்கியிருந்தது தெரிந்தது. வெட்டி எடுத்தார்கள். சில மாதங்களில் பாக்கியம் மறுபடி மலைக்குப் போனார்.

தவறு என்னுடையது என்று லெட்சுமி அம்மாவிடம் சொன்னேன். "புள்ளைங்க தப்பா எழுதினா அழிச்சிட்டு எழுதச் சொல்லுவீங்கதானே மாஸ்டர்? எழுதுங்க" என்றார். எல்லாப் பெண்களிடமும் மறுபடி கேட்டோம். வைத்தியரும், வெற்றிலை வாயில் எவ்வளவு நேரம் இருக்கும் என்ற கேள்வியைச் சேர்த்துக் கணினியைத் திரும்பப் பழக்கினார். அந்தக் கணினியை யாராவது குறைசொன்னால் லெட்சுமி அம்மாவுக்குப் பிடிக்காது. "அது கொழுந்து மலைய எங்க கண்டுச்சு? நம்மதான் சொல்லணும்" என்பார்.

முன்பெல்லாம் பிள்ளைகளிடம், வீட்டில் படித்தாயா என்று கேட்பேன். ஆம் என்றால் அடுத்த பிள்ளையிடம் போய்விடுவேன். அதன் பிறகு, எங்கே உட்கார்ந்து படித்தாய் என்றும் கேட்கத் தொடங்கினேன். என் வகுப்பில் பலருக்கு உட்கார்ந்து படிக்க வீட்டில் ஓர் இடமே இல்லை என்று அப்போதுதான் அறிந்தேன். அந்த இரண்டாவது கேள்விதான் லெட்சுமி அம்மா எனக்கு விட்டுச்சென்றது.