நிலா வராத சதுர்த்தி

ஒரு பிக்கப் வண்டியின் முதுகில் சின்ன வீடு ஒன்றைத் தூக்கி வைத்தால் அதுதான் டிரக் கேம்பர். உள்ளே ஒரு அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, மேஜையாகவும் பெஞ்சாகவும் ஆகிற ஒரு பலகை, டிரைவர் தலைக்கு மேலே ஒரு படுக்கை. அந்தப் படுக்கையில் நிமிர்ந்து உட்கார முடியாது. புரண்டு படுக்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுத்தான் புரள வேண்டும். டல்லாஸ் பக்கத்தில், காப்பெல்லில், அறைக்கு ஒரு பாத்ரூம் உள்ள வீட்டைப் பூட்டிவிட்டு நானும் என் வீட்டுக்காரரும் இதில் குடியேறினோம். எனக்கு அன்றைக்கே சிரிப்பு ஆரம்பித்துவிட்டது.

அலாஸ்காவில் வண்டியை வாடகைக்கு எடுத்து வடக்கே விட்டோம். தார் ரோடு சீக்கிரமே முடிந்து மண் ரோடு வந்தது. பெரிய எண்ணெய்க் குழாய் ஒன்று ரோட்டுக்குத் துணையாக மலை ஏறி மலை இறங்கிக் கூடவே வந்தது. ஊர் இல்லை, கடை இல்லை, சிக்னல் இல்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் பாத்திரங்கள் உருண்டன. ஒரு பள்ளத்தில் இட்லிப் பொடி டப்பா திறந்துகொண்டு படுக்கை முழுக்கப் பொடி. எவ்வளவு தட்டியும் போகவில்லை. அதிலேயே படுத்தோம். தும்மினோம், சிரித்தோம், மறுபடி தும்மினோம்.

இந்தப் பயணம் அவருடைய ஆசை. பைபாஸ் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது போனில் டிரக் கேம்பர் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினார். சூரியனே மறையாத இடத்துக்கு உன்னைக் கூட்டிப் போகிறேன் என்றார். அப்போது அவரால் வாசலில் இருக்கும் மெயில்பாக்ஸ் வரைக்கும்கூட மூச்சு வாங்காமல் போக முடியாது. மருந்து மயக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்து, சரி என்று தலையாட்டி வைத்தேன்.

நானும் அந்த ஆஸ்பத்திரியில் ஒன்று பேசியிருந்தேன், பிள்ளையாரிடம். இவரை நடந்து வீட்டுக்கு வர வை, மாதாமாதம் சங்கடஹர சதுர்த்திக்கு விரதம் இருக்கிறேன், நிலாவைப் பார்க்காமல் வாயில் ஒரு பருக்கை வைக்க மாட்டேன் என்று. எத்தனை மாதம் என்று கெடு சொல்லவில்லை. அந்த நேரத்தில் பேரமா பேச முடியும்? அவர் நடந்து வந்தார். நானும் ஒரு மாதம் விடவில்லை. விட்டால் பிள்ளையார் யோசனையை மாற்றிக்கொள்வாரோ என்று ஒரு பயம். படித்தவள் பேசுகிற பேச்சா என்று யாராவது கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்தவளுக்குத்தான் தெரியும்.

ஆகவே நாள், நட்சத்திரம், ராகுகாலம் எல்லாம் பார்த்துத்தான் டிக்கெட் போட்டேன். நடுவில் சதுர்த்தி வருவதையும் பார்த்தேன். கொழுக்கட்டைக்கு அரிசி மாவும் வெல்லமும் கட்டினேன். அன்றைக்கு அங்கே நிலா வருமா என்று மட்டும் பார்க்கவில்லை. நிலா ஏமாற்றும் என்று யார் கண்டது?

சதுர்த்தியன்று காலையில், வழியில் இருந்த ஒரே பெட்ரோல் பங்க்கில் வைஃபை கிடைத்தது. ஃப்ரீமான்ட்டில் இருக்கும் மகளைக் கூப்பிட்டு, இங்கே எப்போது நிலா வரும், பார்த்துச் சொல் என்றேன்.

“இட் பேர்லி கம்ஸ் அப் தேர், அம்மா,” என்றாள். தெற்கே அடிவானத்தில் கொஞ்சம் தலையைக் காட்டிவிட்டு இறங்கிவிடுமாம். நாங்கள் போகிற வழியில் அதையும் மலை மறைத்துவிடுமாம். “ஜஸ்ட் ஈட், அம்மா. காட் வில் அண்டர்ஸ்டாண்ட்.”

அவளுக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டாள். வாக்குக் கொடுத்தவள் நானல்லவா?

ஒரு ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தினோம். தெற்கே சுவர் மாதிரி மலை. மற்ற எல்லாப் பக்கமும் வெட்டவெளி. பகல் முழுக்க ஒரு டம்ளர் பாலோடு இருந்தேன். சாயங்காலம் என்று கடிகாரம் சொன்னது, வானம் ஒத்துக்கொள்ளவில்லை. சூரியன் இறங்குகிற மாதிரி பாவனை காட்டிவிட்டு, வடக்குப் பக்கமாக நகர்ந்து போய் அங்கேயே நின்றுகொண்டது.

வாசனைக்குக் கரடி வரும் என்று போர்டு வைத்திருந்ததால் ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு கொழுக்கட்டை வேகவைத்தேன். கேம்பருக்குள் ஒரே ஆவி. கொழுக்கட்டையோடு சேர்ந்து நாங்களும் வெந்தோம். வெளியே போனால் கொசு, உள்ளே இருந்தால் வெல்ல வாசனை. கொசுவே தேவலை என்று வெளியே போய் நின்றேன். தூக்கமும் இல்லை, சோறும் இல்லை. எதைப் பார்த்தாலும் சிரிப்பாக வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மூஸ், குதிரை உயரத்துக்கு ஒரு மான், வந்து நின்று என்னையே உற்றுப் பார்த்தது. எங்கள் பழைய ஹவுஸ் ஓனர் முகம் அப்படியே. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அது மரியாதையாகப் போய்விட்டது.

அவருக்குத்தான் பொறுக்கவில்லை.

“டல்லாஸ்ல இந்நேரம் நிலா வந்திருக்கும். அந்த டைமுக்கு சாப்புட்டுக்க. நம்ம அட்ரஸ் அங்கதான இருக்குது.”

“பிள்ளையாரு அட்ரஸ் ப்ரூஃபா கேக்கறாருங்க? நான் நிக்கற எடத்துலதான் பாக்கோணும்.”

“பக்கத்து வீட்டு வடநாட்டம்மா அவங்க விரதத்துக்கு சல்லடைல புருஷன் மொகத்தப் பாத்துட்டு சாப்புடறாங்கல்ல? நீயும் என்னையப் பாத்துட்டு சாப்புடு.”

“உங்களத்தான காலைல இருந்து பாத்துட்டு இருக்கறேன். பசி அடங்கலீங்களே.”

அவரும் சிரித்தார். ஆனால் நான் வண்டியில் சாய்ந்துகொண்டு நிற்பதை அவர் பார்த்துவிட்டார். எழுந்து வண்டிக்குப் பின்னால் போனார். அங்கே கூரைக்குப் போக ஒரு ஏணி இருந்தது.

“ஏறாதீங்க,” என்றேன்.

“மேல நின்னா மலைக்கு அந்தப்பக்கம் தெரியும்.” ஏறத் தொடங்கிவிட்டார்.

நான் கீழே நின்று அவர் மூச்சைக் கேட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு வந்த பழக்கம் அது. மாடிப்படி ஏறினாலும் கேட்பேன், தூங்கும்போதும் கேட்பேன். ஒவ்வொரு படியாக அவர் செருப்புச் சத்தம்தான் கேட்டது. கூரைமேல் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு தெற்கே எம்பி எம்பிப் பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு குரல் வந்தது.

“தெரியுது, புள்ள.”

“நெசமாவா?”

“நல்லாவே தெரியுது. அதோ.” கையை நீட்டினார்.

நீட்டியது வடக்கே. அங்கே சூரியன் இருந்தது. வழி முழுக்க எனக்குத் திசை பாடம் நடத்திக்கொண்டு வந்த இன்ஜினியர் அவர். என் முழங்கால் வலியை வைத்துக்கொண்டு நான் மேலே ஏறி வந்து சரிபார்க்க மாட்டேன் என்பதும் அவருக்குத் தெரியும். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவருக்குத் திசை எப்படித் தோதுப்படும்?

வாயைத் திறந்தேன், கேட்டுவிடலாம் என்று. அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன். மெயில்பாக்ஸ் வரை போக முடியாத மனுஷன், உலகத்தின் உச்சியில், ஒரு லாரிக் கூரைமேல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மூச்சு வாங்காமல் என்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளையாரிடம் நான் கேட்டதே இதைத்தான். எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. அவர் காட்டிய பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டேன், கண் கூச.

உள்ளே போய்க் கொழுக்கட்டையை எடுத்து வாயில் போட்டேன். சூடு ஆறியிருந்தது. அப்படி ஒரு ருசி. அவர் இறங்கி வந்து கையை நீட்டினார். இனிப்பு உங்களுக்கு ஆகாது என்று சொல்லிக்கொண்டே இரண்டு கொடுத்தேன். இரண்டையும் சாப்பிட்டுவிட்டு மூன்றாவதைத் திருடினார்.

அடுத்த சதுர்த்திக்கு காப்பெல்லில் இருந்தோம். எங்கள் டிரைவ்வேயில் நின்று நிமிர்ந்தேன். எதிர் வீட்டுக் கூரைக்கு மேலே ஒழுங்கு மரியாதையாக நிலா வந்திருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு அவரும் வந்து பக்கத்தில் நின்று, கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

“அன்னிக்குப் பாத்தது இதவிடப் பெருசு,” என்றார்.

“ஆமாங்க,” என்றேன். “வெளிச்சமும் ஜாஸ்தி.”