கோட்டையூர்த் தரையில் விழுந்த குதிரை

இன்று காலை எங்கள் விலங்குக் காப்பகத்தில், சொறி பிடித்த ஒரு நாய்க்குத் தடவ வேப்பெண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் கலந்துகொண்டிருந்தேன். தேங்காய் எண்ணெய் வாசனைக்கு நாய் என் கையை நக்கியது. நான் நினைவில் கோட்டையூருக்குப் போய்விட்டேன்.

அங்கே ஒரு பெரிய வீட்டில்தான் என் தொலைக்காட்சிப் பிழைப்பு தொடங்கியது. அதற்கு முன் தம்பியும் நானும் புதுவயலில் அரிசி மில் நடத்தினோம். படப்பிடிப்புக்கு ஒரு வீடு பிடித்துத் தரச் சொல்லிச் சென்னை நண்பர் ஒருவர் கேட்டார். வீடு பிடித்தேன். பிறகு சாப்பாடு, வண்டி என்று வளர்ந்து, கடைசியில் தயாரிப்பு நிர்வாகி என்ற அட்டை கழுத்தில் தொங்கியது. மூட்டைகளை லாரியில் ஏற்றிப் பழகியவனுக்கு நடிகர்களை வேனில் ஏற்றுவது பெரிய வித்தையாகத் தெரியவில்லை. மூட்டை கோபித்துக்கொள்ளாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் தொடரில் மாப்பிள்ளை குதிரையில் வந்து முற்றத்தருகே இறங்க வேண்டும். மதுரையிலிருந்து ராஜா என்ற வெள்ளைக் குதிரை வந்தது. வீட்டுக்கார ஆச்சிக்குத் தன் வீடு டிவியில் வருவதில் ஏகப் பெருமை. எங்கள் பக்கத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை மினுக்கத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பார்கள். ஆச்சி யாரிடமும் சொல்லாமல், கல்யாணத்துக்குத் துடைப்பதைவிட இன்னொரு பங்கு கூடுதலாகத் துடைத்துவைத்துவிட்டார். ஒத்திகைக்காக உள்ளே வந்த ராஜா பின்கால் வழுக்கிப் பக்கவாட்டில் விழுந்தது. நல்லவேளை, மாப்பிள்ளை இன்னும் மேக்கப்பில் இருந்தார்.

"வீடு மங்கலாத் தெரியக் கூடாதுன்னுதானப்பா தொடச்சேன்" என்று ஆச்சி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எழ முயன்ற ஒவ்வொரு முறையும் குதிரை வழுக்கியது. ஓடிவந்த கால்நடை மருத்துவர் அம்மா தடவிப் பார்த்தார். "எலும்பு முறியலை. ஆனா இன்னொரு தடவை சறுக்குனா முறிஞ்சிரும். அப்புறம் காப்பாத்த முடியாது" என்றார். இயக்குநருக்கு வெளிச்சம் போகிற கவலை. கயிறு கட்டி வெளியே இழுக்கச் சொன்னார். குதிரைக்காரர் ராஜாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இழுக்க வேண்டாம் சார்" என்றேன்.

"அப்ப நாளைக்கு நீங்களும் வர வேண்டாம்" என்றார் இயக்குநர்.

புது வேலை அத்தோடு போயிற்று என்றே நினைத்தேன். ஆனாலும் தம்பிக்கு ஃபோன் செய்து, உமியும் காலிச் சாக்கும் வேண்டும் என்றேன்.

"நாடகம் எடுக்கப் போறேன்னு மில்லை விட்டுட்டுப் போனீக. கடைசில உமிக்குத்தான் வந்து நிக்கிறீகளாக்கும்?" என்று சிரித்தான். சிரித்தபடியே லாரியை எடுத்தும் விட்டான்.

மில் ஆட்கள் முற்றத்தைச் சுற்றி உமியைக் கொட்டி, மேலே சாக்குகளை விரித்தார்கள். கேமராக்காரர் தும்மிக்கொண்டே கேமராவை மூடினார். ராஜா முன்கால்களை ஊன்றியது. நின்று மூச்சு வாங்கியது. பிறகு ஒரே உந்தலில் எழுந்துவிட்டது. மில் ஆட்கள் அடித்த விசில் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். ஆச்சி அந்த உமிக்கு நடுவில் நின்று எல்லோருக்கும் காப்பி கொடுத்தார்.

மறுநாள் காலை இயக்குநரே எனக்கு வண்டி அனுப்பினார். நான் இல்லாமல் யாரும் இட்லிக்குச் சொல்லவில்லையாம்.

"இது இனிச் சவாரிக்கு ஆகாது சார். உங்ககிட்ட இருந்தா வயிறாவது காயாது" என்று குதிரைக்காரர் ராஜாவை என்னிடமே விட்டுப் போனார். எங்கள் மில்லின் நெற்களத்தில் கட்டினேன். அடிபட்ட நாய்கள் வந்தன, கைவிடப்பட்ட கழுதைகள் வந்தன. பின்னாளில் நான் சொந்தமாகத் தயாரித்த தொடர்கள்தான் இவற்றுக்குச் சோறு போட்டன, போடுகின்றன. தம்பி மில்லை மூடியபோது களம் முழுவதையும் காப்பகத்துக்கே எழுதித் தந்தான்.

நெல் அவிக்கும் ஆவியும் வாசலில் நின்ற லாரிகளும் இப்போது அங்கே இல்லை. பார்க்க வருகிறவர்கள் ராஜாவுக்கு எந்தக் காலில் அடி என்று கேட்கிறார்கள். நான் இடது என்பேன், அன்று தடவிப் பார்த்த மருத்துவர் அம்மா வலது என்பார். அன்றாடம் எல்லாவற்றையும் டைரியில் குறிக்கிற நான், அன்று 'எழுந்துவிட்டது' என்று மட்டுமே எழுதியிருக்கிறேன். நடக்கவிட்டுப் பார்த்துச் சொல்லலாம் என்றால், இப்போது அதன் நடையில் நொண்டல் இல்லை.