எச்சில் சொன்ன உறவு முறை

போன மாதம் உளுந்தூர்பேட்டைக்குப் போக வேண்டியதாயிற்று. நண்பர் தணிகாசலத்துக்கு அங்கே அரிசி மண்டி. அவர் மகள் கயல்தான் போனில் கூப்பிட்டாள். "ரிசல்ட் வந்துகினு இருக்கு மாமா. நீங்க வந்து அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க..."

கயலுக்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. கூட வேலை பார்க்கும் மதனைக் கட்டிக்கொள்ள ஆசை. ஓடிப்போகவெல்லாம் மாட்டாளாம், அப்பா சம்மதிக்க வேண்டுமாம். மதனுக்குச் சொந்த ஊர் கல்வராயன் மலை. அது போதாதா?

"மலைக்காரனுக்குப் பொண்ணு குடுக்கறதா? எங்க வம்சம் இன்னா, அவன் வம்சம் இன்னா?" என்று குதித்துக்கொண்டிருந்தார் தணிகாசலம்.

மதன் சண்டை போடவில்லை. "டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாங்க" என்றான். அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிறது ஒய் குரோமோசோம். அதை வைத்து ஆதித் தகப்பன் வழியைச் சொல்லிவிடுவார்கள். அந்த வழிக்குப் பெயர் ஹாப்லோகுரூப். தணிகாசலத்துக்கு ஏகக் குஷி – ராஜ வம்சம் என்று சர்டிபிகேட்டே வரும் என்ற நினைப்பு! எச்சிலைத் துப்பிக் கொடுத்தார். மதனும் கொடுத்தான்.

நான் போன அன்றுதான் ரிசல்ட் வந்தது. இரண்டு பேருக்கும் ஒரே குரூப். ஒரே கிளை!

"பாத்தீங்களா? பல ஆயிரம் வருஷம் முன்னால நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தாத்தாங்க" என்றான் மதன். முகமெல்லாம் சிரிப்பு.

மனுஷன் மடங்கிவிடுவார் என்று நானும் நம்பினேன். முட்டாள் நான்.

தணிகாசலம் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரே தாத்தான்னா நீ எனக்குப் பங்காளி ஆயிட்டப்பா. கயலுக்கு அண்ணன் முறை. அண்ணனுக்கே தங்கச்சியக் கட்டிக் குடுப்பாங்களா? பாவம் இல்ல?"

கயல்தான் கேட்டாள்.

"அப்பா, அந்த ஒய் பொம்பளைங்களுக்குக் கெடையவே கெடையாது. எனக்குள்ள இல்லாத ஒண்ண வச்சிக்கினு என்னை எப்பிடிப்பா தங்கச்சின்னு சொல்ற?"

"நீ உள்ள போ."

அழுதுகொண்டே போனாள். விஞ்ஞானம் என்ன செய்யும், சொல்லுங்கள்? வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டவன் கையில் எதைக் கொடுத்தாலும், அதிலிருந்தும் ஒரு 'வேண்டாம்' எடுத்துவிடுவான்.

நேற்று கல்யாணப் பத்திரிகை வந்தது. கயலுக்கு மாப்பிள்ளை – தணிகாசலத்தின் கூடப்பிறந்த அக்கா மகன்.

ரத்த சம்பந்தமே இல்லாத இடமாகப் பார்த்துவிட்டார்... மகராசன்!