தங்கத்தாயின் காளைக்குப் புதுக்கயிறு

வீரகேரளம்புதூர்ப் பக்கம் தங்கத்தாயைப் பற்றி யாரிடம் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, அவளிடம் இருந்த பொலிகாளை. இன்னொன்று, தம்பியைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு குறை வந்து யாரும் கேட்டதில்லை என்பது.

தாய் செத்தபோது தம்பி சுடலைராஜுக்கு நாலு வயது. அக்காதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். அவன் போலீஸில் சேர்ந்து ஓய்வும் பெற்றுவிட்டான். இப்போது தென்காசியில் குற்றாலம் ரோட்டில் சீசனுக்கு வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறான். சின்ன வயதிலேயே புருஷனை இழந்த அவளுக்கு மாடுதான் கதி. நாட்டு மாடு என்றாலே குட்டை என்று கேலி பேசுகிறவனும் அந்தக் காளை முன்னால் நின்றால் வாயை மூடிக்கொள்வான். செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்கு இறைச்சிக்குப் போகும் மாட்டுக்கு உடம்புதானே விலை? அதனால் எட்டு வீட்டுக்காரர்கள் தங்கள் பசுக்களை அவள் காளைக்குத்தான் கொண்டுவருவார்கள்.

பங்குனியில் மாட்டு டாக்டர் முத்துச்செல்வி வந்தார். காளையின் வால் முடியை வேரோடு பிடுங்கி உறையில் போட்டார், ரத்தம் எடுத்தார், நெஞ்சைச் சுற்றி நாடா பிடித்து அளந்தார்.

"உடம்பு பெருக்குமா சிறுக்குமாங்கிறதுக்கு மரபணுவுல சில அடையாளம் இருக்கும்மா. இதுகிட்ட அது இருக்கான்னு பாக்கப் போறோம்."

அளந்த கண் பட்டுவிடுமே என்று, டாக்டர் தலை மறைந்ததும் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள் தங்கத்தாய். ரிப்போர்ட் வாட்ஸப்பில் வருமாம். இவளிடம் இருந்தது பட்டன் போன். தம்பி நம்பரைக் கொடுத்திருந்தாள்.

சித்திரையில் தம்பி வந்தான்.

"யக்கா, ரிப்போர்ட் வந்துட்டு. ஒன் காளைக்கு அந்த அடையாளம் இல்லியாம். இது வளந்தது நீ போட்ட தீவனத்துலயாம். கன்னுக்கு வராதாம்."

வேறொருத்தியாக இருந்தால் கமுக்கமாக இருந்திருப்பாள். இவளுக்கோ மனசு கேட்கவில்லை. எட்டு வீட்டுக்கும் போனாள். "இனிமே என் காளைக்கு மாட்டக் கொண்டாராதிய. டாக்டரம்மா சோதிச்சுச் சொல்லிட்டாவ" என்று சொல்லிவிட்டு வந்தாள். வெட்கத்தில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

வைகாசியில் தம்பி மறுபடியும் வந்தான். "ஆகாத காளைக்கு எதுக்கு யக்கா தீவனம் போட்டு அழுத? என் தோப்புல கெடக்கட்டும். நீ நெனச்சப்பல்லாம் வந்து பாத்துக்க."

கையில் புதுக்கயிறு வைத்திருந்தான். அந்தப் பக்கம் மாட்டை இரவல் கொடுத்தால் கயிற்றோடு போகும். விற்றால் மட்டும் வாங்குகிறவன் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும், பழையது விற்றவர் வீட்டிலேயே தங்கும்.

"ஏலே, வெலைக்கா வாங்குத? புதுக்கயிறோட வார!" என்று சிரித்தாள் தங்கத்தாய்.

"பழசு நைஞ்சு போச்சுல்லா, யக்கா."

அவளே பழைய கயிற்றை அவிழ்த்துக் கொடியில் போட்டாள். வளர்த்த பாசத்துக்குக் கண் ஏது?

ஆனி மாதம், சாரல் தொடங்கிய வாரம், முத்துச்செல்வி முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "எங்கம்மா நம்ம காளை? தாய்வழி, தகப்பன்வழி ரெண்டுலயும் அடையாளம் இருக்கு! நாங்க பாத்த நாட்டு மாட்டுல இப்படி இது ஒண்ணுதான். சித்திரையிலயே அனுப்பிட்டேனே. 'சந்தோசம், அக்காகிட்ட சொல்லுதேன்'னு பதில்கூட வந்துச்சு."

போனைத் திறந்து காட்டினார். தங்கத்தாய் பழைய கயிற்றைப் பையில் போட்டுக்கொண்டு தென்காசிக்கு பஸ் ஏறினாள்.

தோப்பில் காளை இல்லை. சுடலைராஜ் அறைச் சாவிகளை மேசையில் பரப்பி வைத்து உட்கார்ந்திருந்தான். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணைக்கு விற்றுவிட்டதாகச் சொன்னான்.

"ஏம்லே பொய் சொன்ன?"

"நெசத்தச் சொன்னா தந்திருப்பியா?"

"கேட்டிருந்தா சும்மாவே தந்திருப்பேனேலே!"

அறைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தினான். "சத்தம் போடாத. அது ஆகாத காளைன்னு எட்டு வீட்டுலயும் போய்ச் சொன்னது நீதான். ஆகாததத்தான் நான் ஓட்டிட்டு வந்தேன். எங்கன போனாலும் அந்த எட்டு வீடும் எனக்குத்தான் சாட்சி."

காளை போனதைக்கூடப் பொறுத்திருப்பாள். தன் நேர்மையையே அவன் சாட்சிக்கூண்டில் ஏற்றியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கயிற்றை எடுத்துச் சாவிகளின் மேல் போட்டாள்.

"வித்தவதாம்லே இத வச்சுக்கணும். நான் விக்கல."

ஊர் வந்து இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. அந்த எட்டு வீட்டில் முதல் வீட்டுக்குப் போனாள். அது நூர்நிஷாவின் வீடு. அவள் தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"நான் அன்னைக்குச் சொன்னது பொய், நூரு. அது நல்ல காளை."

"ஒனக்குப் பொய் சொல்ல வராதே தங்கம். யாரு சொல்லித் தந்தது?"

ஐம்பது வருடமாக அவள் யாரிடமும் சொல்லாத சொல் அது.

"எந்தம்பி. களவாணிப் பய."

சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள். இன்னும் ஏழு வீட்டில் சொல்ல வேண்டியிருந்தது.