கடைமடையில் முப்பத்தேழு பேர்

நான் டாக்டர் பட்டம் வாங்கியது காரைக்காலில் பலருக்குத் தெரியும். எப்படி வாங்கினேன் என்பதை என் மனைவி வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் காபி கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறாள். சொல்லச் சொல்ல அது வேறு நீண்டுகொண்டே போகிறது. நானே எழுதிவிடுகிறேன், வம்பே வேண்டாம்.

எண்பதுகளின் கடைசி. கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் விழிதியூர்ப் பக்கத்துக் கடைமடை வயல்களுக்கு ஆற்றுத் தண்ணீர் ஏன் வந்து சேருவதில்லை என்பது என் ஆராய்ச்சி. மேலே இருக்கிறவன் விட்டால்தானே கீழே வரும்? அதையே ஆங்கிலத்தில் ஐந்து அத்தியாயத்துக்கு இழுக்க வேண்டும். நானும் இழுத்தேன். இழுத்த இழுப்பில் பல்கலைக்கழகத்துக்கே அலுத்துப்போய், மாத முடிவுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து என்று சொல்லிவிட்டார்கள். இத்தனை வருஷப் பாடும் அம்போ என்று போய்விடுமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் ஊரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்திருந்தார்கள். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். குளுகுளு அறையில், சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்துக்கொண்டு இரண்டு பெட்டிகள் உட்கார்ந்திருந்தன. கற்பூரம் காட்டாததுதான் பாக்கி. உரிமையாளர் சென்னையில் போய்ப் படித்துவிட்டு வந்தவர். பேச்சில் நம்மைத் தரையில் நிற்க விடமாட்டார்.

"கவலையே படாதீங்க சார். அஞ்சு பேரு ஆளுக்கொரு அத்தியாயம் அடிக்கட்டும். கடைசியில அஞ்சு ஃபைலையும் ஒண்ணா சேத்துட்டா ஒரே புத்தகம். நாலு பட்டன் அமுக்குற வேலை."

எதிர்வரிசை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து ஐந்து பெண்களை அழைத்து வந்தார். எல்லோரும் ஹையர் பாஸ். அவர்கள் முறை வைத்து அடித்த வேகத்தில் அந்தப் பெட்டிகளே நடுங்கின. ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு ஃப்ளாப்பியில் ஏறியது. எனக்கு மறுபடி பசிக்க ஆரம்பித்தது.

சேர்க்கும் நாள் வந்தது. உரிமையாளர் ஃப்ளாப்பிகளை ஒவ்வொன்றாகச் செருகி, ஐந்து அத்தியாயத்தையும் ஒன்றன் பின் ஒன்றாக இழுத்து ஒரே ஃபைலாக்கினார். பைண்டிங்குக்கு இடப்பக்கம் இடம் விட வேண்டுமே என்று வரியின் அகலத்தைக் குறைத்தார். அவ்வளவுதான், ஐயையோ! ஒரு வரி முழுசாக நின்றது, அடுத்த வரியில் ஒரே ஒரு சொல் அனாதையாகக் கிடந்தது. என் ஆராய்ச்சி முழுக்கப் பல் விழுந்த வாயாக இளித்தது. போதாக்குறைக்குப் பக்க எண்கள் பக்கத்தின் நட்டநடுவில் நின்றன. ஒன்றாம் பக்கம் மட்டும் ஐந்து இருந்தது.

டைப்ரைட்டரில் வரி முடியப் போகும்போது மணி அடிக்கும். உடனே உருளையைத் தள்ளி அடுத்த வரிக்குப் போக வேண்டும். கம்ப்யூட்டர் அந்த வேலையைத் தானே செய்துகொள்ளும். அது தெரியாமல் ஐந்து பேரும் வரிக்கு வரி எண்டர் தட்டியிருந்தார்கள். இன்ஸ்டிட்யூட் வழக்கப்படி ஒவ்வொரு பக்கத் தலையிலும் எண்ணைக் கையால் வேறு அடித்திருந்தார்கள்.

"மணிதான் அடிக்கலையேம்மா, அப்புறம் எதுக்குத் தட்டினீங்க?" என்று கத்தினேன்.

"அதான் சார், மணி ரிப்பேரு போலருக்குன்னு நாங்களே பாத்துப் பாத்துத் தட்டினோம்" என்றாள் அவர்களில் ஒருத்தி. முகத்தில் அவ்வளவு பெருமை. இதற்கு மேல் நான் யாரைத் திட்டுவது?

எல்லோரும் மாறி மாறி உட்கார்ந்து ஒவ்வொரு எண்டராக அழித்தோம். ஒன்றை அழித்தால் கீழ்வரி மேலே வந்து ஒட்டிக்கொள்ளும். நடுவில் பக்க எண் இருந்தால் அதுவும் கூடவே ஏறி வரும், அதையும் பிடித்து அழிக்க வேண்டும். கண் பூத்துப் போயிற்று. எப்படியோ அச்செடுத்து, அட்டை போட்டு, கெடுவுக்கு முதல் நாள் பாண்டிச்சேரியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து நேர்முகத் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து பின்வரிசையில் உட்காரலாம். பாண்டிச்சேரி பஸ்ஸில் பொழுது போகாமல் என் மனைவி ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டு வந்தாள். சிதம்பரம் தாண்டியதும் என் தோளைத் தட்டினாள்.

"ஏங்க, கடைமடையில முப்பத்தேழு விவசாயி வெதைக்கவே இல்லைன்னு போட்டிருக்கே. யாருங்க அந்த முப்பத்தேழு பேரு?"

பிடுங்கிப் பார்த்தேன். 'கடைமடையில் விவசாயிகள் விதைக்கவில்லை' என்றுதான் நான் எழுதியிருந்தேன். தப்பித்த ஒரு பக்க எண் வரிக்குள் ஏறி, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. இதை ஒருத்தர் கண்டுபிடித்தால் போதும், புள்ளிவிவரமே புளுகு என்று என்னைத் துரத்திவிடுவார்கள்.

"கேட்டா உள்ளதைச் சொல்லிடுங்க" என்றாள். "உங்களுக்குப் பொய் சொல்ல வராது. காது செவந்துடும்."

தேர்வாளர் வெளியூர்க்காரர், பெரிய ஆள். எடுத்த எடுப்பிலேயே அந்தப் பக்கத்தைத்தான் திறந்தார்.

"பலர், சிலர் என்று எழுதித் தப்பித்துக்கொள்கிறவர்களையே பார்த்து அலுத்துவிட்டேன். நீங்கள் முப்பத்தேழு பேர் என்று துல்லியமாக எழுதியிருக்கிறீர்கள். என் அறிக்கையில் இதைத் தனியாகப் பாராட்டிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். எப்படிக் கணக்கெடுத்தீர்கள்?"

என் காது சுட்டது. பின்வரிசையில் என் மனைவி தொண்டையைச் செருமினாள்.

"சார், அது பக்க எண்" என்றேன்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். தேர்வாளர் தன் அறிக்கையைப் பார்த்தார். அதன் அடியிலிருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு ஆய்வேட்டை மெதுவாக மூடிவைத்துவிட்டு, வேறு கேள்வியே இல்லை, பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்றார்.

வெளியே வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"குடிங்க டாக்டரே. அந்த முப்பத்தேழு பேரும் வெதைச்சிருந்தா உங்க கதி என்னாயிருக்கும்?"