பக்கத்து வாசல் மண்

காருக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய, சின்ன ஜப்பான் கார். அலுவிகாரையிலிருந்து மாத்தளை டவுனில் இருக்கும் என் ஒஃபீசுக்குப் போய்வரவும், வெள்ளிக்கிழமைகளில் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போகவும் அது தாராளமாகப் போதும். பிரேக் பிடித்தது, ஏசி குளிர்ந்தது, ஒரு நாளும் நடுவழியில் நின்றதில்லை. சும்மா இருக்க முடியாதவன் நான்தான்.

நாற்பது வயதில் சிலருக்குத் தொப்பை வருகிறது, சிலருக்குப் பக்தி வருகிறது. எனக்கு எஞ்சின் சத்தத்தின் மேல் ஆசை வந்தது. பெரிய வீதியில் பொடியன்கள் உறுமிக்கொண்டு என்னை முந்தும்போதெல்லாம், என் கார் பூனை மாதிரி முனகுவது எனக்கு அவமானமாகப் பட்டது. ஃபோனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். கார் காற்றை இழுக்கும் வழியை மாற்றினாலே போதுமாம். கம்பெனி பொருத்தும் ஏர் ஃபில்டர் எஞ்சினுக்குப் பக்கத்தில், உயரமாக, ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இருக்கும். அந்தப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, நீளமான ஒரு குழாயை இறக்கி, அதன் நுனியில் சிவப்பு நிறக் கூம்பு ஃபில்டர் ஒன்றை பம்பருக்குப் பின்னால் மாட்ட வேண்டும். எஞ்சினுக்குக் குளிர்ந்த காற்று கிடைக்கும், சத்தமும் கனத்துவிடும். பார்சல் வந்த அன்று என் மனைவி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வீட்டுல நான் போடுற சத்தம் பத்தலையாக்கும்" என்றாள். அம்மா, "ஓடுற வண்டிய ஏன்டா நோண்டுற?" என்றார். இரண்டு பேருக்கும் எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைச் சாப்பாடு முடிந்த கையோடு வாசலில் சாக்கை விரித்துப் படுத்துவிட்டேன். கறுப்புப் பெட்டி இரண்டு கிளிப்பிலும் மூன்று போல்ட்டிலும் கழன்று வந்தது. கஷ்டமெல்லாம் கீழேதான். முன் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பை வளைத்துப் பிடித்துக்கொண்டு, தலைகீழாகக் குழாயை நுழைக்க வேண்டும். முழங்கை தோலுரிந்தது. கிளாம்பை முறுக்கும்போது ஸ்பெனர் வழுக்கி விரலை நசுக்கியது. பார்சலுக்குள் ஒரு தாளும் இருந்தது. அதில் ஒரு கார் தண்ணீருக்குள் நிற்கிற படமும், அதன் மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறியும் இருந்தன. படத்தைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்ததைப் படிக்கவில்லை. வீடியோவைப் பார்த்தவனுக்குத் தாள் எதற்கு? மடித்து டேஷ்போர்டுக்குள் போட்டேன்.

பின்னேரம் ஸ்டார்ட் பண்ணினேன். அடித்தொண்டையிலிருந்து வருகிற மாதிரி ஓர் உறுமல். எனக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. எதிர் வீட்டு ஐயா ஜன்னலைச் சாத்தினார். அம்மா காதைப் பொத்தினார். யாராவது ஒருவர் நன்றாயிருக்கிறது என்று சொல்ல மாட்டார்களா என்று எனக்குத் தவிப்பாக இருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா அப்போதுதான் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவு. பிள்ளைகள் இல்லை. கணவருக்குக் கொழும்பில் வேலை, மாதம் ஒருமுறை வந்து போவார். அக்கா வீட்டில் மெஷின் போட்டுச் சாரி பிளவுஸ் தைத்துக் கொடுப்பார். எங்கள் தெருவில், இந்த ஒழுங்கைக்குள், நடந்த கல்யாணங்களுக்கெல்லாம் பெண்ணின் பிளவுஸ் அவர் கையால்தான். அவரை நானாகத்தான் கூப்பிட்டேன்.

"அக்கா, எப்படிங்க இருக்கு?"

கழுத்தில் அளவு டேப்போடு காரைச் சுற்றி வந்தார். அவருக்கு அதில் என்ன தெரியும்? என் முகத்தைத்தான் பார்த்திருப்பார். "சிங்கம் மாதிரில்ல இருக்கு தம்பி! நம்ம ஒழுங்கையிலயே இப்படி ஒரு வண்டி இல்ல" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எக்ஸிலேட்டரை மிதித்து இன்னொரு முறை உறும வைத்துக் காட்டினேன். வாசற்படியில் நின்ற அம்மா முகத்தைச் சுளித்ததையும் பார்த்தேன். சத்தத்துக்குத்தான் சுளிக்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு வில்கமுவவில் ஒஃபீஸ் நண்பரின் கல்யாணம். மனைவியும் அம்மாவும் நானும் புறப்பட்டோம். நாவுலயில் திரும்பும்வரை தூறல், அதற்குப் பிறகு கொட்டும் மழை. வயல்களுக்கு நடுவே, ஓடைக்குக் குறுக்கே தாழ்வாகப் போட்ட ஒரு சப்பாத்துப் பாலம். அதன் மேல் தண்ணீர் வழிந்து ஓடியது. அரை முழங்கால் ஆழம்கூட இல்லை. எனக்கு முன்னால் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் போயின. பழைய பெட்டியோடு இருந்திருந்தால் என் காரும் போயிருக்கும். பாலத்தின் நடுவில் எஞ்சின் ஒரு விக்கல் விக்கி நின்றது. சாவியைத் திருப்பினேன். திரும்பவும் திருப்பினேன். மூன்றாவது முறை உள்ளே ஏதோ உடைந்த மாதிரி ஒரு சத்தம். அதோடு சரி.

வயலிலிருந்து வந்த ஒருவர் ட்ராக்டரில் கயிறு கட்டி இழுத்துவிட்டார். "மாத்தயா, பைக்கே போகுது, உங்க கார் என்ன இப்படி?" என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார். பம்பருக்குக் கீழே ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்த மாத்திரத்தில் அந்தச் சிவப்புப் பெருக்கல் குறி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. கல்யாணத்துக்குக் கட்டிய புடவையின் கீழ்ப்பக்கம் நனைந்து, அம்மா ஒரு கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அவ அன்னைக்கே சொன்னா, சிங்கம் மாதிரின்னு. நான் அப்பவே நெனச்சேன்" என்றார் அம்மா. "அவ கண்ணுதான்டா."

மனைவி என்னைப் பார்த்தாள். என் வாயிலிருந்து பதில் வர வேண்டும் என்று காத்திருக்கிற பார்வை. இல்லை அம்மா, நான் குழாயைத் தாழ்வாக வைத்ததால் வந்த வினை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொன்னால், ஓடுகிற வண்டியை ஏன் நோண்டினாய் என்பார். அந்தக் கேள்வி என் ஆயுசுக்கும் தொடரும்.

"இருக்கும்மா" என்றேன்.

இந்த ஒரு சொல்லைத்தான் நான் இன்றுவரை மென்று விழுங்க முடியாமல் திரிகிறேன்.

காரைக் கட்டி இழுத்து மாத்தளைக்குக் கொண்டுவந்தோம். கராஜில் எங்கள் மெக்கானிக் கூம்பு ஃபில்டரைக் கழற்றிப் பிழிந்தார். சேற்றுத் தண்ணீர் சொட்டியது. எஞ்சினுக்குள் ஒரு கம்பியே வளைந்துபோயிருந்தது. "யாரு சேர் இத இவ்வளவு கீழ மாட்டுனது? தண்ணிய அப்படியே உறிஞ்சிருச்சு" என்றார். "நான்தான் பாஸ். வீட்டுல யார்கிட்டயும் சொல்லிறாதீங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் பழைய கறுப்புப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார்.

கார் கராஜில் கிடக்க, அம்மா வீட்டில் சும்மா இருக்கவில்லை. ஒரு மாலை, விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னால், காய்ந்த மிளகாய், உப்பு, கடுகு எல்லாம் எடுத்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "அவ காலடி மண்ணு ஒரு பிடி எடுத்துட்டு வா. அவ மிதிச்ச மண்ணா இருக்கணும். நான் போனா தெரிஞ்சிரும்."

கண் பட்டால் கண் வைத்தவரின் காலடி மண்ணையும் சேர்த்துச் சுற்றி நெருப்பில் போடுவது எங்கள் வீடுகளில் உள்ள வழக்கம்தான். நெடி வந்தால் கண் படவில்லை, வராவிட்டால் பட்டிருக்கிறது. உண்மை தெரிந்த ஒருத்தன் உலகத்தில் இருந்தானென்றால் அது நான். அந்த நான் எழுந்து போனேன்.

பக்கத்து கேட்டுக்கு முன்னால் குந்தி ஒரு பிடி அள்ளினேன். நிமிர்ந்தால் அக்கா நிற்கிறார்.

"என்னாங்க தம்பி தேடுறீங்க?"

"நட்டு ஒண்ணு விழுந்திருச்சுங்க அக்கா. கார் நட்டு."

"அய்யோ, இருங்க, லைட்டு கொண்டாறேன்." டோர்ச்சோடு வந்தவர், சேலையைச் செருகிக்கொண்டு என் பக்கத்திலேயே குந்தினார். விரலால் மண்ணைச் சீவிச் சீவித் தேடினார். "வண்டி நின்னுருச்சுன்னு கேள்விப்பட்டேங்க தம்பி, மனசே சரியில்ல. அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலையே?" ஒன்றும் ஆகவில்லை என்றேன். என் இடது கை மூடியிருந்தது. அவருடைய வாசல் மண் அதற்குள் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது. "பரவால்லக்கா, விடுங்க" என்று எத்தனை முறை சொல்லியும் அவர் எழும்பவில்லை. நான்தான் எழும்பி ஓடிவந்தேன்.

அம்மா எல்லாவற்றையும் கார் நிறுத்தும் இடத்தைச் சுற்றிவிட்டு அடுப்பில் போட்டார். மிளகாய் கருகி, வீடு முழுக்கப் புகை. மனைவி இருமிக்கொண்டே பின்பக்கம் ஓடினாள். அம்மாவுக்கும் தொண்டை கமறியது, ஆனால் "நெடியே வரல பாத்தியா" என்றார். நான் மூச்சைப் பிடித்து இருமலை அடக்கிக்கொண்டு தலையாட்டினேன்.

மறுநாள் காலையில் அக்கா கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டார். உள்ளங்கையில் ஒரு நட்டு. துருப்பிடித்தது, யாருடைய சைக்கிளிலிருந்தோ எந்தக் காலத்திலோ விழுந்தது. "இதானாங்க பாருங்க. விடியக் கூட்டும்போது கெடச்சிச்சு." முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"இதேதாங்க அக்கா" என்று வாங்கிக்கொண்டேன்.

பிறகு நடந்ததெல்லாம் மெல்ல நடந்தது. கார் பழைய பெட்டியோடு பூனையாகத் திரும்பி வந்தது. அம்மா கோயிலில் இரண்டு பேரிடம் சொன்னார், அந்த இரண்டு பேரும் வாய் வைத்திருந்தார்கள். அக்காவைக் கண்டால் பிள்ளைத்தாய்ச்சிகள் வழியை மாற்றினார்கள். எதிர் வீட்டு ஐயாவின் மகளுக்குக் கல்யாண பிளவுஸ் கண்டியில் தைத்தார்கள். ஐயாவின் மனைவி என்னிடமே, "எதுக்கு வம்பு, ஒங்க வண்டிக்கு நடந்தது தெரியுந்தானே" என்றார். பழைய சட்டைக்குக் கொக்கி வைக்கவும், பாடசாலைச் சீருடைக்கு விளிம்பு மடிக்கவும் மட்டும் ஆட்கள் வந்தார்கள். இரவு ஏழு மணிவரை கேட்கும் மெஷின் சத்தம் மத்தியானத்தோடு நின்றுபோனது. நான் ஒவ்வொரு நாளும் காரை ரிவர்ஸ் எடுக்கும்போது அந்த கேட்டைப் பார்க்காமல் எடுக்கப் பழகினேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே ஒஃபீஸ் போய், சாப்பிட்டு, தூங்கி எழும்பவும் முடிந்தது.

கார் நின்று மூன்று வருடம் கழித்து, கல்யாணமாகி எட்டாவது வருடம், எங்களுக்கு மகள் பிறந்தாள். முப்பத்தொன்றாம் நாள் தீட்டுக் கழித்த மறுநாள், அக்கா ஒரு பையோடு கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். "உள்ள வாங்கக்கா" என்றேன். வரவில்லை. பைக்குள் வெள்ளைத் துணியில் கைத்தையல் போட்ட சின்னச் சட்டை. என் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கே வந்தாள். அக்கா சட்டென்று முகத்தைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் பாக்கலங்க. உள்ள கொண்டு போங்க புள்ளய. நான் பாக்கவே இல்ல."

நான் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "அக்கா, காரு நின்னது உங்களால இல்ல. நான் பைப்ப கீழ வச்சேன், தண்ணி போயிருச்சு. அம்புட்டுத்தான். தப்பு என்னோடது."

"தெரியுங்க தம்பி" என்றார், தரையைப் பார்த்தபடியே. "அந்த கராஜ் பாஸோட வீட்டுக்காரம்மா நம்மகிட்டத்தானே தைக்கிறாங்க. அப்பவே சொன்னாங்க. நீங்க நட்டு தேடலன்னும் பொறகு தெரிஞ்சுகிட்டேன்."

"அப்ப ஏங்க யார்கிட்டயும் சொல்லல?"

"நான் சொன்னா யாருங்க நம்புவா? நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

மூன்று வருடம் இருந்திருக்கிறார். நான் திரும்பி, படியில் நின்ற அம்மாவிடம், ஒழுங்கைக்கே கேட்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். தாளை, பெருக்கல் குறியை, மெக்கானிக் பிழிந்த ஃபில்டரை, அவரை நான் வாய்மூடி இருக்கச் சொன்னதை. அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு என் தலையைத் தடவினார்.

"ஒனக்கு சின்னதுலருந்தே எளகுன மனசு. அவ பாவமேன்னு பழிய நீ ஏத்துக்கிற" என்றார். மெதுவாகச் சொல்லும் பழக்கம் அம்மாவுக்கு இல்லை. அக்காவுக்கும் கேட்டது. "பரவால்லங்க தம்பி, சொன்னீங்களே" என்று பையை கேட்டில் மாட்டிவிட்டுப் போனார்.

அன்று மாலை அம்மா மிளகாயும் உப்பும் எடுத்து வைத்துவிட்டு, பிள்ளைக்குச் சுற்ற வேண்டும், பக்கத்து வாசல் மண் எடுத்து வா என்றார். போனேன். எங்கள் வாசலிலேயே, என் செருப்புத் தடத்திலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தேன். அம்மா மூன்று முறை சுற்றி நெருப்பில் போட்டார். இந்தத் தடவை நான் எதையும் அடக்கவில்லை. கண்ணால் தண்ணீர் ஓட, வாய்விட்டு இருமினேன்.

அம்மா பிள்ளையின் முகத்தைத் துணியால் மூடியபடி, "பாத்தியா, நெடியே இல்ல" என்று என் மனைவியிடம் சொன்னார்.